பத்தாம் நம்பர் குடுத்த ஆத்தே

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், பிலிப்பினோ பாஷையில ஆத்தேன்னா அக்கா. எழுதிப் பாத்தா இங்கிலீஷ்ல சாப்ட்டாச்சுன்னு வர்ற அதே மூணு எழுத்துதான், ஆனா வாயால சொல்லும்போது நம்ம அத்தை மாதிரியே காதுல விழும். 2016ல நான் துபாய் வந்த புதுசுல ஆபீஸ்ல எல்லாரும் அந்தம்மாவ ஆத்தே ஆத்தேன்னு கூப்பிடறத கேட்டுட்டு, பரவால்லயே இங்கயும் அத்தை முறைதான் போலன்னு ரெண்டு வாரம் நினைச்சிட்டு இருந்தேன். பேரு வேண்டாம், ஆத்தேன்னே வச்சுக்குவோம். எங்க கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல இருக்காங்க, ஊரு மிண்டநாவோ தீவுல, துபாய் வந்து அப்பவே பதினோரு வருஷம்.

முதல் மாசம் பேன்ட்ரியில அவங்க அம்மாகூட வீடியோ கால் பேசிட்டு இருந்தாங்க, நான் டீ போட உள்ள போனேன். ஸ்க்ரீன்ல என் மூஞ்சி தெரிஞ்சதும் அந்தப் பாட்டி ஏதோ கேக்குது, "பும்பாய்"னு ஒரு வார்த்தை மட்டும் புரிஞ்சுது. ஆத்தே விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. என்னன்னு கேட்டேன். "இந்த இந்தியாக்காரன் கடன் குடுக்கறவனான்னு கேக்கறாங்க, உன்கிட்ட வாங்கிடாதன்னு சொல்றாங்க."

எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. நானே அப்ப ஏஜென்டுக்கு கட்டின காச மாசாமாசம் கழிச்சிட்டு இருந்தேன், என்கிட்ட யாரு கடன் வாங்கறது. அப்பறம்தான் அவங்க விளக்கினாங்க. அங்க இந்தியாக்காரன்னாலே பும்பாய்தான், பம்பாயிலிருந்து வந்த பேரு. பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து ஆளுங்க, மோட்டார் பைக்ல தெருத்தெருவா வந்து கடன் குடுப்பாங்க, குடை, கொசுவலை, ஃபேன் எல்லாம் தவணைக்கு விப்பாங்க. அந்தக் கடனுக்குப் பேரே 5-6. அஞ்சு வாங்கினா ஆறா குடுக்கணும், தினமும் வந்து வசூல். நம்மூரு தண்டல் அப்படியே! 2017ல அங்க அதிபரா இருந்த டுடெர்டேயோட அரசாங்கம் இதுக்கு மாற்றா பி3ன்னு ஒரு சின்னக் கடன் திட்டமே கொண்டு வந்துச்சு, அந்த அளவுக்கு ஊரெல்லாம் பரவியிருக்கு. சின்னப் பசங்க அடம் பிடிச்சா "பும்பாய் வந்து சாக்குல போட்டு தூக்கிட்டுப் போயிடுவான்"னு மிரட்டுவாங்களாம். நமக்குப் பூச்சாண்டி, அவங்களுக்கு நாம.

ஆனா சும்மா சொல்லக்கூடாது, பேங்க்காரன் ஏறெடுத்தும் பாக்காத மார்க்கெட் பொம்பளைங்களுக்கு ஒரு கையெழுத்துகூட இல்லாம காசு குடுக்கறதும் அதே பும்பாய்தான். "எங்கம்மா 5-6 வாங்கித்தான் எனக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினாங்க, அதனாலதான் அவங்களுக்கு அவ்வளவு பயம்"னு ஆத்தே சொன்னாங்க. பயம் வாங்காதவனுக்கு இல்ல, வாங்கினவனுக்குத்தான்.

இத எதுக்கு எழுதறேன்னா, போன வாரம் எங்க ரூமுக்குப் புதுசா வந்த தம்பி ஒருத்தன் "இந்த பிலிப்பினோங்க சம்பளம் வந்த அன்னிக்கே கேஎஃப்சி, மால், செல்ஃபின்னு காலி பண்ணிடுவாங்கண்ணே, நம்ம ஆளுங்க மாதிரி சேத்து வைக்கத் தெரியாது"ன்னான். நானும் முதல் ரெண்டு மூணு வருஷம் இதையேதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவங்களுக்குள்ளயே ஒருநாள் மில்லியனர்னு ஒரு கிண்டல் இருக்கு, கப்பல்ல இருந்து இறங்குன ஆளு மொத்த தெருவுக்கும் பீர் வாங்கி ஊத்தறத சொல்றது. சம்பளத்துக்கு முந்தின அந்தக் கடைசி வாரத்துக்கும் பெத்சா தெ பெலிக்ரோன்னு பேரு வச்சிருக்காங்க, அபாயத் தேதின்னு அர்த்தம். வாயத் தொறந்து கேட்டா அவங்களே அவங்கள திட்டிப்பாங்க. ஆனா பக்கத்துல ஒக்காந்து பல வருஷம் பாத்தா விஷயம் வேற.

ஆத்தே சம்பளம் வந்த அன்னிக்கு என்ன பண்ணுவாங்கன்னு சொல்றேன். லஞ்ச் டைம்ல ஏடிஎம் போயிட்டு வந்து, ஒரு பழைய குக்கீஸ் டப்பாவ ட்ராயர்ல இருந்து எடுப்பாங்க. உள்ள கவர் கவரா இருக்கும். பெட்ஸ்பேஸ் வாடகை (சத்வாவுல ஒரு ரூமுக்கு ஆறு பேரு, பங்க் பெட்டுக்கு கர்ட்டன் தொங்கவிட்டா அது ஒரு வீடு), அம்மா மருந்து, பையன் ஸ்கூல், தம்பி, சர்ச், பெட்டி, பலுவாகன் (கடைசி ரெண்டும் என்னன்னு பின்னாடி சொல்றேன்). எல்லாத்துலயும் பிரிச்சுப் போட்டதும் கையில மிஞ்சறது அம்பதோ அறுபதோ திர்ஹாம். அத வச்சுட்டுத்தான் அந்த கேஎஃப்சி. நாம பாக்கறது அந்த கேஎஃப்சிய மட்டும்.

"எல்லாத்தையும் இப்படி முதல் நாளே காலி பண்ணிட்டா அவசரத்துக்கு என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டேன். "அவசரம் எனக்கு வராது, மத்தவங்களுக்குத்தான் வரும். கையில இருந்தா வரும்"னாங்க.

அப்ப எனக்குப் புரியல.

அவங்க ஊர்ல ரெண்டு வார்த்தை இருக்கு. ஒண்ணு உத்தாங் நா லோஓப், உள்ளுக்குள்ள இருக்கற கடன். உன்ன படிக்க வச்சவங்க, நீ கிளம்பும்போது ஏஜென்சிக்கு காசு புரட்டிக் குடுத்தவங்க, நீ இல்லாதப்ப உன் பிள்ளைய பாத்துக்கறவங்க, இவங்க யாருக்கும் நீ கணக்கு முடிக்கவே முடியாது. நம்ம செஞ்சோத்துக் கடன்தான். இன்னொண்ணு ஹியா. வெக்கம்னு மட்டும் சொன்னா பத்தாது, நம்ம முகதாட்சண்யம்தான் கிட்ட வருது. கேட்டவங்க முகத்துக்கு நேரா இல்லன்னு சொல்ல முடியாது, குடுத்தவங்ககிட்ட போய் திருப்பிக் குடுன்னும் கேக்க முடியாது. இந்த ரெண்டும் சேர்ந்தா வெளிநாட்டுல சம்பாதிக்கறவன் கதி என்னாகும்னு நமக்குச் சொல்லியா தெரியணும்.

இதுல நாடே அவங்க காசத்தான் நம்பியிருக்கு. வெளிநாட்டுப் பிலிப்பினோங்க 2024ல பேங்க் வழியா அனுப்பினது மட்டும் 3,400 கோடி டாலருக்கு மேல. 1974ல அதிபரா இருந்த அப்பா மார்கோஸ் (பின்னாடி மகனும் அதிபரானாரு) ஆரம்பிச்சு வச்சது, ஆளனுப்பறத அரசாங்க வேலையாவே பண்ணாரு. 1982ல ஒரு உத்தரவு போட்டாரு பாருங்க, சம்பளத்துல இவ்வளவு பங்கு பேங்க் வழியா ஊருக்கு வந்தே ஆகணும்னு, கப்பல்காரங்களுக்கு 80 சதவீதம், வீட்டு வேலை செய்யறவங்களுக்கு 50 சதவீதம், ரசீது காட்டலன்னா பாஸ்போர்ட் புதுப்பிக்க மாட்டோம்னு. ஹாங்காங்ல வீட்டு வேலை செஞ்ச பொம்பளைங்க ஒண்ணா சேந்து சண்டை போட்டு 1985ல அந்தத் தண்டனைய எடுக்க வச்சாங்க. கப்பல்காரங்களுக்கு அடிப்படைச் சம்பளத்துல 80 சதவீதம் நேரா வீட்டுக்குப் போற வழக்கம் இன்னிக்கும் இருக்கு. அப்பறம் அதிபரா வந்த கொராசோன் அகினோ 1988ல அதே ஹாங்காங்ல போய் நின்னு நீங்கதான் புது ஹீரோன்னு பட்டம் குடுத்தாங்க. ஆத்தேகிட்ட இந்தப் பட்டத்தப் பத்திக் கேட்டா "ஹீரோன்னா காசு கேட்டா குடுக்கணும்ல"ம்பாங்க, அவ்வளவுதான்.

சரி போட்டோ கதைக்கு வரேன், இத சொல்லத்தான் எழுத ஆரம்பிச்சேன்.

ஆத்தே ஊர்ல வீடு கட்டிட்டு இருந்தாங்க. ஒரே அடியா இல்ல, அங்க யாரும் அப்படிக் கட்டறதில்ல, காசு வர வர ஹாலோ ப்ளாக் வாங்கி அடுக்கி, இந்த வருஷம் சுவரு, அடுத்த வருஷம் கூரைன்னு போகும். எம்பசியில போய் பவர் எழுதி தம்பி பேருக்கு அனுப்பி, நிலம் வாங்கினதுல இருந்து எல்லாமே தம்பி மேற்பார்வை. மாசாமாசம் மெசஞ்சர்ல போட்டோ வரும். 2019 நவம்பர்ல கூரைத் தகட்டுக்குன்னு காசு அனுப்பினாங்க, ரெண்டு வாரத்துல போட்டோ வந்துச்சு. எல்லாருக்கும் காட்டினாங்க, எனக்கும் காட்டினாங்க, நான் சூப்பர்னு சொல்லிட்டு வேலையப் பாத்தேன்.

சாயந்தரம் பாத்தா அவங்க இன்னும் அதே போட்டோவ விரல வச்சு பெருசு பண்ணிப் பெருசு பண்ணி பாத்துட்டு இருக்காங்க. என்ன ஆத்தேன்னேன். ஃபோன திருப்பிக் காட்டினாங்க. வீட்டுக்குப் பின்னால பக்கத்து வீட்டு வேலியில எலக்சன் தட்டி ஒண்ணு கட்டியிருக்கு. கலர் பளபளன்னு இருக்கு, ஒரு மடிப்பு இல்ல, ஒரு கிழிசல் இல்ல.

"எலக்சன் மே மாசம் முடிஞ்சுது. இது மழை ஊரு. ஆறு மாசத்துல அந்தத் தட்டி இப்படியா இருக்கும்?"

அதாவது தம்பி அனுப்பினது ஏப்ரல்லயோ மே மாசத்துலயோ எடுத்த போட்டோ. அந்தக் கூரையும் பாதி தகடுதான், ஏற்கனவே போட்டது, கோணத்த மாத்தி எடுத்திருக்கான்.

நானா இருந்தா அந்த நிமிஷமே ஃபோனப் போட்டு டேய்னு ஆரம்பிச்சிருப்பேன். ஆத்தே தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. போட்டோவுக்கு ஹார்ட் போட்டாங்க! அழகா இருக்கு, தேங்க்யூன்னு மெசேஜ் போட்டாங்க. அடுத்த மாசத்துல இருந்து காசு தம்பிக்குப் போகல, ஊர்ல இருக்கற ஹார்டுவேர் கடைக்காரருக்கு நேரா போச்சு. தம்பிகிட்ட சொன்ன காரணம், "இங்க எக்ஸ்சேஞ்ச்ல புது ரூல் போட்டிருக்காங்க, கடைக்கு நேரா அனுப்பினா சார்ஜ் கம்மி". அப்படி ஒரு ரூலும் கிடையாது. தம்பிக்கும் அது தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் இன்னிக்கு வரைக்கும் அதப்பத்திப் பேசினதில்ல, கிறிஸ்மஸ்க்கு அவன் பிள்ளைங்களுக்கு ஷூ போகுது, அதுல குறையே இல்ல.

எனக்கு இது முதல்ல கோழைத்தனமாத்தான் பட்டுச்சு. இப்ப அப்படித் தோணல. உன்ன நம்பலன்னு சொன்னா தம்பி போயிடுவான், சொல்லாம இருந்தா காசு போயிடும், ரெண்டும் போகாம இருக்க அவங்களுக்கு ஒரு வழி தெரிஞ்சிருக்கு.

பெட்டி கதையும் இதேதான். பாலிக்பாயன் பெட்டி, ஒரு பெரிய அட்டைப்பெட்டி, கார்கோக்காரன் முன்னாடியே காலிப்பெட்டியக் குடுத்துட்டுப் போயிடுவான், கட்டிலுக்குப் பக்கத்துல வச்சு மாசக்கணக்குல நிரப்புவாங்க. கார்ன்ட் பீஃப் டின், சோப்பு, டூத்பேஸ்ட், டவல், சாக்லேட், ஷாம்பு. கப்பல்ல போறதுக்கு நாளாகும், அதனால கிறிஸ்மஸ்க்குப் போய்ச் சேரணும்னா செப்டம்பர் அக்டோபர்லயே ஏத்திடணும். இதெல்லாம் அங்கயே கடையில கிடைக்குமே, அனுப்பற செலவுக்கு இன்னும் ரெண்டு டவல் வாங்கலாமேன்னு நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். "டின்ன வச்சு சேவல் சண்டையில பந்தயம் கட்ட முடியாது"ன்னாங்க. வீட்டுக்காரர் விஷயம். அதுக்கு மேல நான் கேக்கல.

அந்தப் பெட்டியிலயும் ஏமாந்தவங்க இருக்காங்க. 2022ல வளைகுடாவுல சில கார்கோக்காரங்க ஜனங்ககிட்ட முழுக் காசையும் வாங்கிட்டு மணிலாவுல கட்ட வேண்டியதக் கட்டாம விட்டுட்டாங்க, ஆயிரக்கணக்குல பெட்டிங்க துறைமுகத்துல அனாதையா கிடந்து, அரசாங்கமே எடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாச்சு. காச நம்பாம பொருளா அனுப்பினா பொருளுக்கும் ஒரு ஆள நம்பணுமே.

நம்பிக்கைன்னா அவங்களுக்கு முதல்ல கபாயன்தான். கபாயன்னா ஒரே நாட்டுக்காரன், நாம ஊர்க்காரன்னு சொல்ற மாதிரி. மெட்ரோவுல முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேரு கபாயன்னு ஆரம்பிச்சா இறங்கறதுக்குள்ள குடும்பக் கதை முடிஞ்சிருக்கும். ஏமாத்தறவனும் அதே வார்த்தையிலதான் ஆரம்பிக்கறான். ஆத்தேயோட ரூம்மேட் ஒரு பொண்ணு, ஒரே மாகாணம், ஒரே சர்ச், வெள்ளிக்கிழமை ஊத் மேத்தா செயின்ட் மேரீஸ்ல பூசைக்கு ஒண்ணாத்தான் போவாங்க. அப்பா சீரியஸ்னு சொல்லி ஆத்தே கார்டுல டிக்கெட் போட்டா, கையோட ஒரு ஃபோனும் இன்ஸ்டால்மென்ட்ல எடுத்தா, மாசம் குடுத்துடறேன் ஆத்தேன்னா. போனவ போனவதான். ரெண்டாவது மாசம் ஃபேஸ்புக்ல பேரத் தேடினா ஆளே இல்ல, ப்ளாக். 4,600 திர்ஹாம், வட்டியோட பதினோரு மாசம் கட்டினாங்க. கட்டலன்னா கேஸாகி ஏர்போர்ட்ல நிறுத்திடுவாங்கன்னு பயம் வேற.

அவங்க தங்கச்சி ஹாங்காங்ல வீட்டு வேலை. அங்க இன்னும் மோசம்னு சொல்வாங்க. சட்டப்படி பிலிப்பைன்ஸ் ஏஜென்சி வீட்டு வேலைக்குப் போறவங்ககிட்ட ப்ளேஸ்மென்ட் ஃபீஸே வாங்கக் கூடாது, ஹாங்காங் ஏஜென்சி முதல் மாச சம்பளத்துல 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது. பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. ட்ரெய்னிங் ஃபீஸ், மெடிக்கல், அது இதுன்னு வேற பேருல வாங்கிடுவாங்க, ஆக ப்ளேன் ஏறும்போதே கடனோடதான் ஏறறது. அங்க போய் அந்தக் கடன அடைக்க இன்னொரு கடன், அதுக்கு அடமானம் பாஸ்போர்ட். போலீஸ் ரெய்டு போனா கட்டுக்கட்டா பாஸ்போர்ட் சிக்குது. தோழிக்கு ரெஃபரன்ஸா பேரு குடுத்திருந்தா, அவ கட்டலன்னா வசூல்காரன் உன் முதலாளி வீட்டுக்கு ஃபோன் போடுவான். முதலாளி எதுக்குடா வம்புன்னு நிறுத்திட்டா ரெண்டே வாரத்துல ஊர விட்டுக் கிளம்பணும், அந்த ஊரு விசா ரூல் அப்படி. 4,990 ஹாங்காங் டாலர், 2024ல வச்ச குறைஞ்சபட்ச மாசச் சம்பளம், அதுக்கு இவ்வளவு சிக்கல். தங்கச்சிக்கு ஆத்தே சொல்லி அனுப்பின ஒரே அட்வைஸ்: காசு குடு, கையெழுத்து குடுக்காத. குடுத்த காசு போனா அந்தக் காசோட போச்சு, கையெழுத்து எது வரைக்கும் போகும்னு சொல்ல முடியாது.

ஊருக்குள்ள இருக்கற ஆளுங்களும் தப்பிக்கறதில்ல. 2019ல காபான்னு ஒரு சர்ச் மாதிரி அமைப்பு, காணிக்கை குடுத்தா மாசம் 30 சதவீதம் ஆசீர்வாதமா வரும், அதுவும் ஆயுசு பூரா வரும்னு சொல்லி மிண்டநாவோ பூரா வசூல் பண்ணி, கடைசில டுடெர்டேவே மூடச் சொன்னாரு, அடுத்த வருஷம் தலைவன அரெஸ்ட் பண்ணாங்க. மூடக்கூடாதுன்னு காசு போட்ட ஜனமே ஊர்வலம் போச்சு. சிரிக்காதீங்க, நம்ம ஊர்ல ஈமு கோழி நடிகருங்க விளம்பரத்தோட வந்தப்ப நாம க்யூவுல நின்னவங்கதான்.

இப்ப பலுவாகன். ட்ராயர் டப்பாவுல கடைசி கவர்னு சொன்னேன்ல, அது. சாட்சாத் நம்ம குலுக்கல் சீட்டு. பத்து பேரு, மாசம் 500 திர்ஹாம், மாசத்துக்கு ஒருத்தருக்கு 5,000. ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது, வட்டி கிடையாது, ரசீது கிடையாது. லுவாக்னா தளர்வு, அதுல இருந்து வந்த வார்த்தைன்னாங்க, இறுக்கிப் பிடிச்சத கொஞ்சம் தளத்தி விடறது. நடத்தறது ஆத்தே. ஒரு ஸ்கூல் நோட்டு, அதுல பேரும் கட்டமும், அவ்வளவுதான் மொத்த கம்பெனியும்.

வட்டியே இல்லாத சீட்டு எதுக்கு, பேங்க்ல போட்டா அதுவாவது வருமேன்னு நான் ஒரு நாள் பெரிய மேதாவி மாதிரி கேட்டேன். "பேங்க்ல இருக்கறது என் காசு, எப்ப வேணா எடுக்கலாம், அது எங்க வீட்டுக்கும் தெரியும். பலுவாகன்ல இருக்கறது ஒன்பது பேரோட காசு. அத என்னால எடுக்க முடியாது. யாராவது கேட்டா, இல்லைங்கறது பொய் இல்ல, நெசமாவே இல்ல."

அப்பதான் எனக்கு அந்த "கையில இருந்தா வரும்"ங்கறது புரிஞ்சுது. பொய் சொல்ல வெக்கப்படற ஆளு, முடியாதுன்னு சொல்லவும் முடியாத ஆளு, காச முன்னாடியே ஒன்பது பேருகிட்ட ஒப்படைச்சுட்டு வெறுங்கையோட நிக்குது. வட்டிக் கணக்கு போட்டு இதுல என்ன லாபம்னு பாத்தா ஒண்ணும் தெரியாது.

எனக்கும் ஒரு கதை இருக்கு, அத சொல்லாம விட்டா நியாயம் இல்ல. 2020ல கொரோனா, பாதி சம்பளம், எங்க ரூம்ல ஒருத்தருக்கு வேலை போச்சு. எங்க மாவட்டம், பஸ்ல போனா முக்கால் மணி நேரம், அண்ணன்னுதான் கூப்பிடுவேன், நான் துபாய் வந்த முதல் வாரம் எனக்கு சமைச்சுப் போட்டவரு. வந்தே பாரத் ஃப்ளைட்ல ஊருக்குப் போறேன், மூவாயிரம் குடு தம்பி, ரெண்டு மாசத்துல திரும்பி வந்துடுவேன்னாரு. என்கிட்ட அப்ப இருந்ததே மூவாயிரத்து சொச்சம், அதுவும் அவருக்குத் தெரியும், ஏன்னா முந்தின நாள் நானே பேச்சுவாக்குல சொல்லியிருந்தேன். குடுத்தேன். அவர் திரும்பி வரல. நான் இன்னும் கேக்கல. ஊருக்குப் போனப்ப கடைத்தெருவுல எதிர்ல பாத்தேன், நான்தான் ஏதோ மறந்த மாதிரி சந்துக்குள்ள திரும்பினேன், குடுக்க வேண்டியவரு நிமிந்து நடந்து போறாரு!

இத ஆத்தேகிட்ட சொன்னா சிரிப்பாங்கன்னு பாத்தேன், சிரிக்கல. "ஜனவரியில புது ரவுண்டு ஆரம்பிக்குது, சேர்றியா"ன்னாங்க.

சேந்தேன். 2021 ஜனவரி. பேன்ட்ரியில குலுக்கல், டிஷ்யூ பேப்பர்ல நம்பர் எழுதி கப்புல போட்டாங்க. ஒன்பது பேருதான் எடுத்தாங்க, ஒன்பது சீட்டுதான் உள்ள இருந்துச்சு. நான் கைய நீட்டிட்டு நிக்கறேன். "நீ பத்து"ன்னாங்க ஆத்தே.

எனக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. அஞ்சு வருஷமா பக்கத்து டெஸ்க், இவங்க அம்மா மாதிரியே இவங்களும் இந்தியாக்காரன்னு ஓரங்கட்டறாங்களான்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்பறம் பாத்தா, என் கூட புதுசா சேந்த ஒரு பிலிப்பினோ பையனுக்கும் குலுக்கல் எல்லாம் கண்துடைப்புதான், ஒன்பதாம் நம்பர்தான் குடுத்தாங்க. அவன் கபாயன்தான், ஆத்தேயோட தூரத்துச் சொந்தம் வேற. புதுசா வந்தவன் முதல்ல காச எடுத்துட்டு ஓடலாம். கடைசியில எடுக்கறவன் ஓட முடியாது, அவன் காசுதான் மத்தவங்ககிட்ட மாட்டியிருக்கும். முதல் நம்பர் ஆஸ்பத்திரி செலவு இருந்த ஒரு அம்மாவுக்குப் போச்சு, அவங்க நாலாவது ரவுண்டு. ஆத்தே தனக்கு எடுத்துக்கிட்டது எட்டு. நடத்தறவங்க முதல் நம்பர எடுத்துக்கற வழக்கம் பல எடத்துல இருக்காம், "நான் முதல்ல எடுத்தா நீங்க எல்லாரும் ராத்திரி தூங்க மாட்டீங்க"ன்னாங்க.

அந்த வருஷம் நடுவுல மச்சான் ஃபோன் பண்ணாரு. புல்லட் வாங்கணும், டவுன் பேமென்ட் மட்டும் குடுங்க மாப்ள, மூணு மாசத்துல தந்துடறேன். "சீட்டுல மாட்டியிருக்கு மச்சான், அக்டோபர்லதான் விழும்"னேன். எந்த சீட்டு, யாரு நடத்தறா, முன்னாடி எடுக்க முடியாதான்னு கேட்டாரு. ஒரு பிலிப்பைன்ஸ்காரங்க நடத்தறாங்க, முடியாதாம்னேன். அவ்வளவுதான், அந்தப்பக்கம் கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல, சரி மாப்ளன்னு வச்சுட்டாரு. என் வாழ்க்கையில முதல் தடவையா இல்லன்னு சொல்லிட்டு நிம்மதியா சாப்ட்டேன்.

அக்டோபர் சம்பளம் வந்த அன்னிக்கு லஞ்ச் டைம். பேன்ட்ரியில ரைஸ் குக்கர் ஓடிட்டு இருக்கு, நாலஞ்சு பேரு டப்பாவத் தொறந்து வச்சு ஒக்காந்திருக்காங்க. ஆத்தே நோட்டுல பத்தாவது கட்டத்துல டிக் போட்டு கவர நீட்டினாங்க. நான் பெரிய மனுசன் மாதிரி அப்படியே மடிச்சு பேன்ட் பாக்கெட்ல வைக்கப் போனேன். "பிலாஙின் மோ"ன்னாங்க. எண்ணு. பரவால்ல ஆத்தே உங்கள நம்பாம யார நம்பறதுன்னேன். முகம் மாறிடுச்சு அவங்களுக்கு. "அப்படிச் சொல்லிட்டுத்தான் எல்லாரும் போறாங்க. என் கண்ணு முன்னால எண்ணு, இவங்க எல்லாரும் பாக்கட்டும்."

எண்ணினேன். நூறு திர்ஹாம் நோட்டு, அம்பது. ரெண்டாவது தடவை திருப்பி எண்ணச் சொன்னாங்க, அதையும் எண்ணினேன், அம்பது. அப்பறம்தான் அவங்க சாப்பாட்டு டப்பாவத் தொறந்தாங்க.

அடுத்த ரவுண்டுல எனக்கு ஏழாம் நம்பர்.